குசினிச் சுவரில் நாற்பது நாள்

உடையார்கட்டுக்குக் குடும்பநல மாதாக, கர்ப்பிணிகளைப் பார்க்கிற வேலைக்கு, என்னை நியமித்தபோது தங்குவதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டில்தான் ஓர் அறை கிடைத்தது. வவுனியாவிலிருந்து சாமான்களை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். வாசலில் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, முழங்கை வரைக்கும் கிறீஸ் கறை. வா என்று சொல்வதற்கு முன்னரே லொறிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதெல்லாம் ஒராளுக்கோ?"

"ஓம் அண்ணை."

அவர் ஒரு வாளியைத் தூக்கினார். அதற்குள் இன்னொரு வாளி இருந்தது. அதை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டாவது தேவையோ, ஆசையோ?"

எனக்குச் சுரீர் என்றது. வந்து கால் வைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, என் வாளியைப் பற்றி விசாரணை. அவர் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, என் கட்டிலின் கனமான பக்கத்தைத் தானே தோளில் தாங்கி உள்ளே கொண்டுபோனார். செருப்புகள் இருந்த பையைக் கடைசியாகத் தூக்கியபோது மட்டும் உள்ளே பார்த்து எண்ணினார். ஏழு சோடி. என்னை நிமிர்ந்து பார்த்து, "கால் ரெண்டுதானே பிள்ளை" என்றார். கேலியாக அல்ல, உண்மையாகவே விளங்காத ஒருவரைப் போல.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கள்ளன் வந்துபோன வீடு என்றே நினைத்தேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. பக்கத்தில் எனக்குத் தந்த அறையை அவர் பிறகு தன் கையால் கட்டிச் சேர்த்திருந்தார். முன் விறாந்தையில் இரண்டு கதிரைகள். அறையில் ஒரு பாய், இரண்டு தலையணை, ஆணியில் தொங்கும் நாலைந்து உடுப்புகள், ஒரு வேதாகமம். குசினியில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை, இரண்டு தேநீர்க் குவளை, மூன்று சட்டி. அவ்வளவுதான். முதல் நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்கொரு கோப்பை, அவருக்கொரு கோப்பை. அவருடைய மனைவி நாங்கள் சாப்பிட்டு முடியுமட்டும் சுவரோடு சாய்ந்து நின்று, பிறகு அவருடைய கோப்பையைக் கழுவித் தான் சாப்பிட்டா.

அவாவை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அதிகம் பேசாதவா. வலது முழங்காலில் சண்டைக்குள் பட்ட செல் துண்டு ஒன்று எடுக்கப்படாமலே இருந்தது. காலை நீட்டித்தான் இருப்பா. சிரிக்கும்போது சத்தம் வராது.

அண்ணரிடம் ஒரு உழவு இயந்திரமும் அதில் கொளுவும் பெட்டியும் இருந்தன. வயல் உழுவார், மணல் ஏற்றுவார், நெல்லு மூட்டை ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கை முடிவில் இருந்த ஜெபவீட்டுக்குப் போவார். ஓலையும் தகரமுமாய் ஒரு கொட்டில், முப்பது நாற்பது சனம். நான் சைவ சமயம். அவர் என்னை ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை, எனக்குப் பிரசங்கம் வைத்ததும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விதான். தேவையோ, ஆசையோ.

அந்தக் கேள்விக்கென்று குசினியில் ஒரு சுவர் இருந்தது. வீட்டுக்கு ஏதாவது வேண்டுமென்று தோன்றினால் கரிக்கட்டியால் அதில் எழுதவேண்டும். பக்கத்தில் திகதி. நாற்பதாம் நாள் அவர் சுவருக்கு முன்னால் நின்று, "இது இல்லாமல் இருந்திட்டமோ?" என்று கேட்பார். இருந்துவிட்டோம் என்றால் குறுக்கே ஒரு கோடு. இருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே புதுக்குடியிருப்புக்குப் போய் வாங்கி வருவார், விலை பேசவும் மாட்டார்.

"ஏன் அண்ணை நாப்பது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆண்டவர் வனாந்தரத்திலை நாப்பது நாள் சாப்பிடாமல் இருந்தவர். நாங்கள் ஒரு ஃபான் இல்லாமல் இருக்கேலாதோ?"

எனக்கு முதலில் சிரிப்பாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது. ஆனாலும் ஒருநாள், யாருக்கும் காட்டாமல், என் அறைக் கதவின் பின்பக்கத்தில் 'ரைஸ் குக்கர்' என்று எழுதி வைத்தேன். கூட வேலை செய்த ஒருத்தி வாங்கியிருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை என்று சொன்னால் பொய்யில்லை. ஐம்பது நாட்களுக்குப் பிறகு கதவைத் துடைக்கும்போது அந்த எழுத்து கண்ணில் பட்டது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எதற்காக அவ்வளவு தவித்தேனோ, அதை அடியோடு மறந்திருந்தேன். அன்று பின்னேரம் நாலு சோடி செருப்பைக் கொண்டுபோய்க் கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவரிடம் இதைச் சொன்னபோது, "பாரம் குறைஞ்சிதோ?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையில் குறைந்திருந்தது. அதனால்தான் அவரை மதிக்கத் தொடங்கினேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். வீதியில் நடந்து போகிற ஒருவரைத் தாண்டி அவருடைய பெட்டி போனதை யாரும் கண்டதில்லை. ஒருமுறை சீமெந்து மூட்டைகள் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தவர், கால் ஊனமான ஒரு மனிதர் வெயிலில் நிற்பதைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தினார். நானும் என் ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன். பெட்டியில் இடமில்லை. அவர் இருபது மூட்டையையும் ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து வீதியோரம் அடுக்கினார். மேலே படங்கை விரித்தார். அந்த மனிதரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்பு வரைக்கும் போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து இருபது மூட்டையையும் மறுபடி ஏற்றினார்.

"அண்ணை, ஒரு ஓட்டோவைப் பிடிச்சு அனுப்பியிருக்கலாமே. இல்லாட்டி ஒரு ரெண்டு மூட்டையை இறக்கினால் போதுமே."

அவர் முகம் சட்டென்று கறுத்தது. "இடம் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன் தங்கச்சி" என்றார். குரல் நடுங்கியது. இதில் நடுங்குவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், சுவிஸில் கலியாணம் செய்து இருக்கிறாள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாவுக்குச் சேலை அனுப்பியிருந்தாள். மயில்கழுத்து நிறம், ஓரத்தில் மெல்லிய பொன் சரிகை. அக்கா அதை என் அறைக்குக் கொண்டுவந்து, என்னிடம் இருந்த கண்ணாடிக்கு முன்னால் தோளில் போட்டுப் பார்த்தா. நான் அப்போதுதான் கவனித்தேன், அவா எவ்வளவு வடிவான பெண் என்று. ஜெபவீட்டுக்கு அதை உடுத்துக்கொண்டு போனா. திரும்பி வந்த பிறகு விறாந்தையில் அவர் சொல்வது கேட்டது.

"இஞ்சாரும், உம்மட்டை ஏற்கெனவே மூண்டு சேலை கிடக்கு. ஜெபவீட்டுக்கு வாற தங்கத்தின்ர பெட்டைக்கு வாற கிழமை கலியாண எழுத்து. அதுக்கு உடுக்க ஒண்டுமில்லையாம்."

"ஓம், குடுங்கோ."

ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை அக்கா. சேலையை மடித்தா. ஆனால் மடிக்க நெடுநேரம் எடுத்தா. கடைசி மடிப்பில் அதைக் கன்னத்தோடு ஒருமுறை அழுத்திப் பிடித்ததை நான் யன்னலால் கண்டேன். ஆனாலும், நல்ல மனிதர், நல்ல காரியம் செய்கிறார், இதில் நான் என்ன சொல்ல என்று விட்டுவிட்டேன்.

இப்படித்தான் பலதையும் விட்டுவிட்டேன். வளவின் பின்னால் இருந்த மலசலகூடத்தைத்தான் மூவரும் பாவித்தோம். குந்தியிருக்கிற வகை. உள்ளே கூரை மரத்திலிருந்து ஒரு நைலோன் கயிறு தொங்கியது. இது எதற்கு என்று வந்த புதிதில் கேட்டேன்.

"எழும்பேக்கை பிடிக்க" என்றா அக்கா.

சரி என்று விட்டுவிட்டேன். இரண்டரை வருடம் நாள் தவறாமல் அந்தக் கயிற்றைக் கண்டேன். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவது என் தொழில். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

சித்திரை மாதம். அந்த வருடம் குளத்தில் சேறு வெடிக்கிற வெயில். காலையில் கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். குசினியில் சட்டி விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா நிலத்தில் கிடக்கிறா. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, ஆனால் பல் கிடுகிடுக்கிறது. உதடு வெடித்து வெள்ளையாய் இருந்தது. நாக்கு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. நான் கூச்சலிட, அண்ணர் உழவு இயந்திரத்துக்குக் கீழிருந்து எழுந்து ஓடிவந்தார். அம்புலன்ஸ் வந்தது. கிளிநொச்சிக்குப் போகும்வரை அவர் அக்காவின் கையைப் பிடித்து ஜெபித்துக்கொண்டே வந்தார்.

சிறுநீரில் கிருமி பரவி, சிறுநீரகம் வரை போய், இரத்தத்திலும் கலந்திருந்தது. இரண்டு நாள் என்ன நடக்கும் என்று சொல்லமுடியாமல் இருந்தது. மூன்றாம் நாள் அக்கா கண் விழித்துக் கதைத்தா. டொக்டர் சின்ன வயதுப் பெண். கட்டிலருகே நின்று கேட்டா.

"அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கள்?"

அக்கா முதலில் அண்ணரைப் பார்த்தா. பிறகு, "ரெண்டு குவளை" என்றா.

"இந்த வெயிலுக்கோ? ஏன்?"

அக்கா டொக்டரிடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, வீட்டு வேலையில் ஒரு சுலபமான வழியைச் சொல்லித் தருகிறவா போலச் சொன்னா.

"குடிச்சால் போகவேணுமே தங்கச்சி. முழங்கால் மடியாது. கயித்தைப் பிடிச்சுக் குந்தியிடலாம், எழும்பேக்கை உயிர் போகும். தண்ணியைக் குறைச்சால் விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, அதோடை சமாளிக்கலாம். சாப்பாடும் கொஞ்சமாய்ச் சாப்பிட்டால் இன்னும் சுகம்."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்திவிட்டா. கட்டிலின் கால்மாட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்ற அண்ணர் கிட்ட வந்தார்.

"எவ்வளவு காலமாய்?"

"மூண்டு வரியம் இருக்கும்."

"சுவரிலை எழுதினீர்தானே, கதிரை மாதிரி இருக்கிற கொமட் வேணுமெண்டு. நாப்பது நாள் முடிய நான் கேட்டனான்தானே. சமாளிச்சிட்டன் எண்டு நீர்தானே சொன்னீர்."

"ஓம். சமாளிச்சனான்தானே."

அந்தக் குரலில் கோபம் இல்லை. குற்றச்சாட்டு இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில், அவ்வளவுதான். அவர் போத்தலை அலுமாரித் தட்டில் வைக்கப் போனார், கை தட்டுக்குப் போய்ச் சேரவில்லை. போத்தல் விழுந்து உருண்டது. வார்டின் நடுவே, நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

உடுப்பு எடுப்பதற்காக அன்று நானும் அவரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அவர் நேரே குசினிக்குப் போனார். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தச் சுவரை நான் அதற்கு முன் நூறு தடவை பார்த்திருப்பேன், வாசித்ததில்லை. அக்காவின் சின்ன, வட்டமான எழுத்தில் 'கொமட்'. குறுக்கே ஒரு கோடு. சுவரில் ஒரு முழம் கீழே மறுபடியும் 'கொமட்', குறுக்கே கோடு. அடுப்படிப் பக்கம், மூலையில், மூன்றாம் முறை. இந்த முறை எழுத்து இன்னும் சிறியது. அதற்கும் கோடு.

அவர் துணியொன்றைத் தண்ணீரில் நனைத்துச் சுவரைத் துடைக்கத் தொடங்கினார். கரி அழியவில்லை, பரவியது. அழுத்தித் துடைக்கத் துடைக்க முழுச் சுவரும் கறுத்து வந்தது. அவர் நிறுத்தவில்லை. விரல் மொளி உரிந்து இரத்தம் வந்த பிறகுதான் நான் துணியைப் பறித்தேன்.

"நாங்கள் கொல்லைக்குப் போற இடத்தை நீங்களும் பாவிச்சனீங்கள்தானே தங்கச்சி" என்றார். "உங்களுக்கும் விளங்கேல்லையோ?"

"இல்லை அண்ணை."

அதற்குமேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அலவாங்கை எடுத்துக்கொண்டு வளவின் பின்னால் போனார். பழைய கக்கூசின் பீங்கானைத் தூள் தூளாக உடைத்தார். யோசிக்காமல் செய்த வேலை. அடுத்த நாலு நாளும் அவரும் நானும் அயல்வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை.

சனிக்கிழமை அக்காவை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவு நான் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பெட்பானால் சமாளித்தோம். மறுநாள் காலையில் உழவு இயந்திரம் வீட்டு வாசலில் நின்றது. பெட்டியின் நடுவே, நாலு பக்கமும் கயிறு கட்டி, வெள்ளை வெளேரென்று புத்தம் புதிய கொமட். பக்கத்தில் ஒரு கதிரை.

"இதோடையோ ஜெபத்துக்கு? வெக்கக்கேடு, நான் வரமாட்டன்" என்றா அக்கா.

"இண்டைக்கு மட்டும் வாருமப்பா. பிறகு ஒண்டும் கேக்கமாட்டன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. "நீங்களும் வாங்கோ தங்கச்சி, எனக்குத் தனியக் கூச்சமாக் கிடக்கு." அப்படித்தான் சைவக்காரியான நான் முதல்முதல் அந்த ஜெபவீட்டுக்குள் போனேன். ஒழுங்கை முழுக்கச் சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. பெடியள் விசில் அடித்தார்கள். அவர் இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. ஜெபவீட்டு வாசலுக்கு நேரே, எல்லோர் கண்ணிலும் படும்படி பெட்டியை நிறுத்தினார்.

பாட்டு முடிந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் கூப்பிட்டார். அண்ணர் எழுந்து முன்னால் போனார். சிலர் இன்னும் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சண்டைக்குள்ளை நாங்கள் வெளிக்கிடேக்கை," என்று தொடங்கினார், "நான் பெட்டியிலை என்ன ஏத்தினனான் தெரியுமோ? வீட்டுக் கதவு நாலு, நிலையோடை. கூரைத் தகரம். ரீவி. பன்ரெண்டு மூட்டை நெல்லு. நடுவிலை ஒரு தேக்கு அலுமாரி, என்ர சீதனம். ஒழுங்கையிலை பக்கத்து வீட்டுப் பிள்ளை மறிச்சுது. அதின்ர தேப்பனுக்கு நடக்கேலாது. 'ஐயாவை மட்டும் ஏத்துங்கோ மாமா, நாங்கள் நடந்து வாறம்' எண்டுது. நான் இடமில்லையெண்டு சொன்னன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"மேலை மூட்டையிலை இருந்தவா என்ர மனிசி. அவா சொன்னா, 'இஞ்சாருங்கோ, அலுமாரியை இறக்குவம்' எண்டு. ரெண்டு தரம் சொன்னா. நான் மிசினை எடுத்துக்கொண்டு போனன்."

கூரைத் தகரம் வெயிலில் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"போகப் போக ஒவ்வொண்டாய் விட்டன். ரீவி சுதந்திரபுரத்திலை. கதவு பங்கருக்கு மேலை. அலுமாரி எங்கை போச்சுதெண்டே தெரியாது. முகாமுக்குப் போகேக்கை உடுத்த உடுப்பு மட்டும்தான். அங்கை அந்தப் பிள்ளையைக் கண்டன். ஐயா எங்கை எண்டு கேட்டன். 'நீங்கள் போங்கோ எண்டு சொல்லிப்போட்டு அப்பா விறாந்தையிலேயே இருந்திட்டார் மாமா' எண்டுது. என்னைப் பேசேல்லை. அதின்ர கையிலை ஒரு சவுக்காரம் இருந்தது. நூலாலை அறுத்துப் பாதியை எனக்குத் தந்துது. உங்களிட்டை இல்லைத்தானே எண்டு. அண்டைக்குத்தான் நான் ஆண்டவரிட்டை விழுந்தனான். இனி எனக்கு ஒண்டும் கூட வேண்டாம் எண்டனான்."

அவர் அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டார். சீமெந்து மூட்டைகளும் அந்த நடுங்கிய குரலும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன், எதுவும் தெரியாமல்.

"எல்லாத்தையும் விட்டிட்டன் எண்டு எனக்குள்ளை ஒரு பெருமை. சாமான் கூடினால் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பெருமை கூடினது தெரியேல்லை. நாங்கள் ஜெபிக்கேக்கை எங்களுக்குத் தாரும் எண்டுதானே கேக்கிறம். நான் வாயாலை எங்களுக்கு எண்டு கேட்டுப்போட்டு, ஆருக்கு எது வேணும், ஆருக்கு எது வேண்டாம் எண்டு நானே தனிய முடிவெடுத்தனான். என்ர மனிசி மூண்டு வரியம் தண்ணி குடிக்கேல்லை."

வெளியே பெட்டியைக் கையால் காட்டினார்.

"அலுமாரியை இறக்கச் சொன்னவா அவா. அண்டைக்கு நான் இறக்கேல்லை. பிறகு அவாவிட்டையிருந்தே எல்லாத்தையும் இறக்கினன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் வேதாகமத்தைத் திறந்து மூடினார். எனக்குப் பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தா. கொஞ்சநேரம் கழித்து அவா மெல்ல எழுந்து, காலை இழுத்து இழுத்து முன்னால் போய், அவருக்குப் பக்கத்தில் நின்றா. தொடவில்லை. நின்றா, அவ்வளவுதான். பிறகுதான் போதகர் ஜெபம் செய்தார்.

அக்காவின் சிறுநீரகம் ஒன்று பழுதுபட்டதுதான், முழுவதும் சரியாகவில்லை. மாதாமாதம் கிளினிக்குக்குப் போகவேண்டும். ஆனால் கொமட் பூட்டிய நாளிலிருந்து தண்ணீர் குடித்தா. குசினிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஆறு கோப்பைகள் வந்தன, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றாய் இருந்து சாப்பிட. தனக்கென்று அண்ணர் எதையும் கூட்டவில்லை, அதே நாலு உடுப்புத்தான். நான் வவுனியாவுக்கு மாற்றலாகி வந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் அப்படித்தான் இருக்கிறார் என்று கேள்வி.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. விடிந்ததும் அக்காவுக்கு முன்னால் போய் நின்று, "உமக்கு என்ன வேணும்?" என்பார்.

"ஒண்டும் வேண்டாம்" என்பா அக்கா.

மத்தியானம் வயலால் வந்ததும் மறுபடி கேட்பார். ஒண்டும் வேண்டாம். அவர் பயந்து போனார். என்னிடம் வந்து, "தங்கச்சி, நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார். நானும் கேட்டேன். அக்கா நெடுநேரம் யோசித்தா. "உண்மையா எனக்குத் தெரியேல்லை தங்கச்சி. நினைச்சுப் பாக்கிறன், ஒண்டும் வருகுதில்லை" என்றா. நாங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டதைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஒரு மனுஷிக்கு ஆசைப்படவே மறந்து போகுமா? ஆசையைத் தேவையிலிருந்து பிரித்துப் பிரித்து, கடைசியில் பிரிப்பதற்கு எதுவுமே மிஞ்சாமல் போகுமா?

மூன்று மாதம் அவர் கேட்டார், அவா இல்லையென்றா.

ஆவணி மாதத்தில் ஒரு பின்னேரம். மூவரும் விறாந்தையில் இருந்தோம். அவர் அன்றைக்கு மூன்றாவது தடவையாக, "உமக்கு ஏதாவது" என்று தொடங்கினார். அக்கா பட்டென்று நிமிர்ந்தா.

"இந்தக் கேள்வியை விடுங்கோ! அது போதும் எனக்கு!"

அவாவின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அண்ணர் வாயைத் திறந்தபடி இருந்தார். அதே நேரம் வீதியில் ஐஸ்கிரீம்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் வருகிறதுதான். எங்கள் வாசலில் அது நிற்பதில்லை என்பது அந்தப் பொடியனுக்கும் தெரியும், வேகத்தைக் குறைக்காமலே போனான்.

அக்கா தூணைப் பிடித்து எழும்பினா. காலை இழுத்துக்கொண்டு படியால் இறங்கி, சேலைத் தலைப்பைப் பறக்கவிட்டு, கையைத் தலைக்கு மேலே வீசினா.

"தம்பி! டேய் தம்பி! நில்லடா!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஓட்டோ சறுக்கி நின்றது. அக்கா படலைக்குப் போய், இடுப்புப் பையை அவிழ்த்துக் காசைக் கொடுத்து, மூன்று கோன் வாங்கினா. ரோசா நிறத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, மண்ணிறத்தில் ஒன்று. திரும்பி வரும்போது முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. மஞ்சளை எனக்குத் தந்தா. மண்ணிறத்தை அவரிடம் நீட்டினா.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாதவர் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலுக்கு அது உருகி அவருடைய விரல் மொளிகளில் ஒழுகி, முழங்கைக் கிறீஸ் கறை வரைக்கும் வழிந்தது.

அக்கா தன்னுடையதை நக்கினா. கண்ணை மூடித் திறந்தா.

"என்ன பாக்கிறியள்? கரையுது, தின்னுங்கோ" என்றா.

அவர் தின்றார்.